அறுவடைக்கு முன் போடும் பட்டியல்

டிசம்பர் வந்தால் உலகம் முழுக்கப் பட்டியல் போடத் தொடங்கிவிடுகிறது. இந்த ஆண்டின் பத்துப் படம், பத்துப் புத்தகம், பத்து ஃபோன், யார் வென்றார், யார் தோற்றார், யார் போய்ச் சேர்ந்தார். நானும் அவற்றை வாசிக்கிற ஆள்தான். பிள்ளைகள் படுத்த பிறகு நுளம்பு வலைக்குள் கிடந்து கடைசி வரி வரை வாசிப்பேன். வாசித்து முடிய ஒரு எரிச்சல் வரும். இவர்களுக்கெல்லாம் எப்படி டிசம்பரோடு வருசம் முடிந்துவிடுகிறது?

எங்கள் வீட்டில் முடிவதில்லை. வீடு களுவாஞ்சிகுடியில், வயல் வாவிக்கு அங்கால், பட்டிருப்புப் பாலம் கடந்து போரதீவும் தாண்டி வெல்லாவெளிப் பக்கம். பெரும்போகத்துக்கு ஐப்பசியில் விதைத்தால் மாசி, பங்குனியில்தான் வெட்டு. டிசம்பர் 31ஆம் திகதி வயல் பச்சையாக நிற்கும், இல்லாவிட்டால் தண்ணீருக்குள் கிடக்கும். உழவுக் காசு, விதைநெல் காசு, உரக் காசு எல்லாம் போயிருக்கும், ஒரு சதமும் திரும்பி வந்திருக்காது, அம்மாவின் காப்பு அடகில் இருக்கும். அப்பாவிடம் "இந்த வருசம் எப்படியப்பா?" என்று கேட்டால், "சூடு அடிக்கட்டும் மகள், மறுகா சொல்லுறன்" என்பார். இப்போது வெட்டுவதும் அடிப்பதும் ஒரே மெசின்தான், வெட்டிய கதிரைச் சூடாகக் குவித்து மாடு விட்டு மிதித்த காலம் எப்போதோ போய்விட்டது, ஆனால் அப்பாவின் வருசம் இன்னும் சூட்டோடுதான் முடிகிறது.

இந்த 2024 அதைவிட மோசம். மூத்தவள் செப்டெம்பர் 15ஆம் திகதி ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதினாள். சில கேள்விகள் முன்கூட்டியே வெளியே வந்துவிட்டன என்று பிரச்சினை கிளம்பி, விசயம் நீதிமன்றம் வரை போய், இதை எழுதும் வரை பெறுபேறு வரவில்லை. சின்னவனுக்குப் பாடசாலை வருடமே இன்னும் முடியவில்லை, கொரோனாவோடு இழுபட்ட தவணைகள் இன்றைக்கும் நேராகவில்லை, ரிப்போட் ஜனவரியில்தான். நாங்கள் படிக்கும்போது டிசம்பர் தொடக்கத்திலேயே ரிப்போட்டைக் கையில் தந்து அனுப்பிவிடுவார்கள், அடி விழுவதென்றாலும் பழைய வருசத்திலேயே விழுந்துவிடும். கட்டாரில் இருக்கிற தம்பிக்கு ஒப்பந்தம் மே மாதம் முடிகிறது, நீட்டுவார்களா மாட்டார்களா என்று அவனுக்கே தெரியாது. ஆக, எங்கள் வீட்டுப் பெரிய விசயங்கள் எல்லாம் பாதியில் நிற்கின்றன. அதனாலேயே எங்கள் பட்டியலில் பெரிய விசயம் ஒன்றும் இராது.

இது தொடங்கியது 2022இல். அந்த வருசத்தைப் பற்றி இலங்கையில் இருந்த ஒருவருக்கும் விளக்கத் தேவையில்லை. மார்ச் கடைசியில் 13 மணிநேர மின்வெட்டு, கேஸுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, பெட்ரோல் பங்கீட்டுக்கு கியூஆர் கோட், உரம் இல்லாமல் விழுந்த விளைச்சல். டிசம்பரில் கூட நாளுக்கு இரண்டு மணிநேரத்துக்கு மேல் கரண்ட் நிற்கும். அப்படி நின்ற ஓர் இரவு, வெளியே நல்ல மழை, மகள் ஒரு சீஆர் கொப்பியை மெழுகுதிரிக்குப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, "இந்த வருசம் நல்லா இருந்த விசயம் ஒவ்வொரு ஆளாச் சொல்லுங்க, எழுதுறன்" என்றாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் இவர், என் வீட்டுக்காரர்தான், பிள்ளை பாவம் என்று, "வாற வருசம் எல்லாம் சரிவரும் என்று எழுது" என்றார். மூலையில் இருந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பெத்தா உடனே குறுக்கே விழுந்தார். "முடிஞ்சத மட்டும் எழுது புள்ள. முடியாதத வாயால சொன்னா கண்ணூறு."

பெத்தா என் அம்மாவின் அம்மா. எங்கள் பக்கத்தில் வீடு பெண் வழியாகத்தான் வரும் என்பதால் பெத்தா, அம்மா, நான், மகள் என்று நாலு தலைமுறையும் ஒரே வளவுக்குள் கிடக்கிறோம், அப்பாவும் இவரும் கலியாணம் முடித்து வந்து சேர்ந்த ஆட்கள். களத்தில் நெல்லை நெல் என்று சொல்லாமல் பொலி என்றே சொன்ன மனிதர்களுக்கு நடுவில் வளர்ந்தவர் பெத்தா. விளைந்து நிற்கிற வயலைப் பார்த்து யாராவது "நல்லா வந்திரிக்கி" என்று சொல்லிவிட்டால் அன்று முழுக்க அவருக்கு முகம் சரியிராது.

அவர் சொன்ன சட்டம் அப்படியே நின்றுவிட்டது. கொப்பியில் முடிந்துபோனது மட்டும்தான் ஏறும். சாப்பிட்டு முடிந்தது, பார்த்து முடிந்தது, சிரித்து முடிந்தது. இனி யார் வந்தாலும் கெடுக்க முடியாதது. தீர்மானம், திட்டம், ஆசை ஒன்றுக்கும் இடமில்லை. போன வருசம் நான் நடைப்பயிற்சி என்று மெல்ல நுழைக்கப் பார்த்தேன், மகள் பேனையை மூடி வைத்துவிட்டாள்.

கொப்பிக்கு ஆதாரம் குசினிக் கதவுக்குப் பக்கத்தில் தொங்குகிற கலண்டர். எங்கள் வீட்டில் உண்மையான பட்டியல் அதுதான் என்று கூடச் சொல்லலாம். கேஸ் சிலிண்டர் மாற்றிய நாள், சீட்டுக் காசு கட்டிய நாள், கோழி அடைவைத்த நாள், யார் வீட்டுக் கலியாணத்துக்கு எவ்வளவு கொடுத்தது, எல்லாம் அம்மாவின் கையெழுத்தில் அந்தக் கட்டங்களுக்குள் நசிந்து கிடக்கும். அதே கட்டத்தின் மேல் மூலையில் அப்பா எழுதுவார். மழை. சின்ன மழை. பெரிய மழை. யானை. யானை என்றால் வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், யானை இறங்கி, இரவில் வாடியில் காவலுக்குக் கிடந்து வெடி கொளுத்திய நாள். இரண்டு பேரும் ஒரே கட்டத்துக்குள் எழுதுவதால் சில நாள் "யானை கேஸ் 12.5" என்று வாசிக்க வரும், சின்னவனுக்கு அதில் அடங்காத சிரிப்பு. டிசம்பர் கடைசியில் அம்மா பழைய கலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தேவையானதை எல்லாம் புதியதில் பார்த்து எழுதுவார். சிலிண்டர் எத்தனை நாள் தாங்கியது, எந்த மாதம் விருந்தாள் கூட, என்று வாய்க்குள் கணக்கு ஓடும். இந்த வருசம் ஓகஸ்டில் ஒரு சிலிண்டர் கெதியாக முடிந்திருக்கிறது, ஏன் என்று இரண்டு நாளாக விசாரணை நடக்கிறது, என் மாமியார் வந்து நின்ற மாதம் அது என்பதை நானும் சொல்லவில்லை, இவரும் சொல்லவில்லை.

புதிய கலண்டர் சேர்ப்பது தனி விளையாட்டு. தாள் விலை ஏறிய பிறகு கடைக்காரர்கள் ஆள் பார்த்துத்தான் தருகிறார்கள். உரக் கடையில் ஒன்று, நகைக் கடையில் ஒன்று, பாமசியில் ஒன்று என்று அம்மாவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அடகு வைத்த இடத்தில் தந்ததை மட்டும் சாமியறைக்குப் பக்கத்தில் மாட்ட மாட்டார். வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகள் விரித்து வைத்துச் சிவப்பு நாட்களைத் தேடுவார்கள். 2025இல் ஜனவரி 13 திங்கள் போயா (பௌர்ணமி லீவு), 14 செவ்வாய் தைப்பொங்கல், சனி ஞாயிறோடு சேர்த்து நாலு நாள் லீவு என்பதை மகள் ஒரு நிமிசத்தில் கண்டுபிடித்துவிட்டாள். கொப்பியில் எழுத முடியாது, இன்னும் வரவில்லையே. அதனால் வீடு முழுக்கப் போய்ப் போய்ச் சொன்னாள்.

சரி, இந்த வருசப் பட்டியலுக்கு வருகிறேன்.

அதிக சண்டை சாப்பாட்டில்தான். அம்மாவின் பிட்டுக்கு நிரந்தர விலக்கு உண்டு, போட்டியில் சேர்த்தால் மற்றது ஒன்றும் நிற்காது என்று மகள் சொன்னதை அம்மா பெருமையாக எடுத்துக்கொண்டு விட்டுக்கொடுத்துவிட்டார். மிச்சத்தில் முதலிடத்துக்கு இரண்டு சாப்பாடு மோதின. ஒன்று அம்மா சொன்னது. ஜூலையில் அவர் கதிர்காமப் பாதயாத்திரை போனார், உகந்தை முருகனைக் கும்பிட்டுக் காட்டுக்குள் இறங்கினால் குமணைப் பக்கத்தால் நடந்து கும்புக்கன் ஆற்றைக் கடக்க வேண்டும். அந்த ஆற்றங்கரையில் மூன்று கல் வைத்து ஆக்கிய சோறும் பருப்பும்தான் தன் வருசத்தின் சாப்பாடு என்றார். "உப்பும் காணாது, தேங்காயும் இல்ல, ஆனா அப்படி ஒரு சோறு." இதை நாங்கள் ஒருவரும் சாப்பிடாததால் எப்படி வாக்குப் போடுவது என்று சின்னவன் நியாயம் கேட்டான். அவன் சொன்னது கல்முனையில் சாப்பிட்ட கொத்து. அது என்ன சாப்பாடு, ஒரு மழை நாளில் பஸ் வராமல் நின்றபோது பசிக்கு வாங்கிக் கொடுத்தது, அதுவும் உறைப்புத் தாங்காமல் பாதியை நான்தான் சாப்பிட்டேன். ஆனால் அவன் கண்ணில் அது கடையில் மேசையில் இருந்து, டக்கு டக்கென்று கொத்துகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, பெரிய ஆட்கள் போலத் தனித் தட்டில் சாப்பிட்டது.

நான் விராலுக்குத்தான் போட்டேன். நவம்பர் வெள்ளம் வற்றத் தொடங்கிய கிழமை, வட்டைப் பக்கமிருந்து அப்பா கொண்டு வந்த ஒரு விரால், என் முழங்கை நீளம் இருக்கும். அம்மா அதைப் பாதி புளி விட்டுக் குழம்பும் பாதி பொரியலுமாக்கி, கூடவே மரவள்ளிக் கிழங்கு அவித்தார். அந்த நாட்களில் தேங்காய் ஒன்று 200 ரூபாவைத் தொட்டுக்கொண்டு நின்றது, சம்பல் இடிக்கிற வீட்டிலெல்லாம் உரல் சும்மா கிடந்தது. நெல் விளைகிற வீட்டிலேயே கடையில் அரிசி வாங்கினோம், கட்டுப்பாட்டு விலை நாட்டரிசி கிலோ 230 ரூபா என்று அறிவித்த பிறகும் கடையில் நாட்டரிசியைக் காணவில்லை, அரசாங்கம் இறக்குமதிக்கே விட்டது. அப்பா அந்தச் செய்தியை டிவியில் நின்றுகொண்டே பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அப்படி ஒரு கிழமையில் கிடைத்த விராலுக்கும் கிழங்குக்கும் போட்டி வைக்கவே கூடாது என்பது என் கட்சி. தோற்றுவிட்டேன். கும்புக்கன் ஆற்றுச் சோறு முதலாவது. பெத்தா அதற்குத்தான் கை தூக்கினார், அவரும் சின்ன வயதில் அந்தக் காட்டால் நடந்தவர்.

வெள்ளத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த வருசத்தை எழுத முடியாது. எங்கள் பக்கத்தில் வருசத்து மழையில் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்ப்பதுதான், அது புதிதல்ல. அப்பா எல்லா வெள்ளத்தையும் 2011 ஜனவரியோடு ஒப்பிடுவார், அம்மா 1978 நவம்பர் 23 சூறாவளியோடு, பெத்தா 1957 பெருவெள்ளத்தோடு, மூன்று பேரும் சேர்ந்து கதைக்கத் தொடங்கினால் இப்போது பெய்கிற மழைக்கு மரியாதையே இராது. இந்த முறை நவம்பர் 26, 27 ஆகிய நாட்களில் நவகிரிக் குளம் நிரம்பி, வெல்லாவெளி வீதிக்கு மேலால் தண்ணீர் போய், எங்கள் வட்டை முழுக்க மூழ்கியது. உயர்தரப் பரீட்சையை 27ஆம் திகதியோடு நிறுத்தி டிசம்பர் 4இல்தான் திரும்பத் தொடங்கினார்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு கிழமை முழுக்க அதே பாடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா உழவு மெசினில் ஏறித் தண்ணீரைக் கடந்து போய் வயலைப் பார்க்க நின்றார். அந்த நேரம் காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் மெசின் பெட்டியில் வந்த மத்ரசாப் பிள்ளைகளை வெள்ளம் கொண்டுபோன செய்தி வந்தது. அம்மா அப்பாவின் சாரத்தைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. வயல் தண்ணீருக்குள் கிடந்த நாட்களெல்லாம் அவர் திண்ணையில் இருந்து வானத்தைத்தான் பார்த்தார்.

அந்த நாட்களுக்குள் பட்டியலில் ஏறியது ஒன்றே ஒன்று. கரண்ட் இல்லாத இரண்டாம் இரவு, எல்லோரும் ஒரே அறையில் பாய் போட்டுப் படுத்திருக்க, பெத்தா 1957இல் வீட்டுக்குள் வந்த பாம்பையும் அதோடு ஒரே பரணில் இரவு முழுக்க இருந்ததையும் சொன்னார். பாம்பு எந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்தது என்று சின்னவன் கேட்க, பெத்தா நன்றாக யோசித்து, "வடக்க" என்றார். சிரித்ததில் அப்பாவுக்கு விக்கல் வந்துவிட்டது. கொப்பியில் "பாம்பு வடக்கே" என்று மட்டும் இருக்கிறது. வெளி ஆட்கள் யார் வாசித்தாலும் விளங்காது.

இவருடைய பட்டியல் எப்போதும் கிரிக்கெட்டோடு தொடங்கும். ஓகஸ்டில் இலங்கை இந்தியாவை ஒருநாள் தொடரில் 2-0 என்று வென்றது, 1997க்குப் பிறகு முதல் முறை. வண்டர்சே ஆறு விக்கெட் எடுத்த அன்று இவர் கதிரையை விட்டு எழும்பவில்லை, எழும்பினால் விக்கெட் விழாதாம், அதனால் நான் தேத்தண்ணீரைக் கொண்டுபோய்க் கையில் கொடுக்க வேண்டி இருந்தது. இந்த விசயத்தில் நான் மகளின் பக்கம். அவள் எழுதியது ஜூலை 28. தம்புள்ளையில் பெண்கள் ஆசியக் கிண்ண இறுதிப் போட்டி, சமரியும் ஹர்சிதாவும் நின்று இந்தியாவை எட்டு விக்கெட்டால் வென்ற நாள். வீட்டில் அன்று அம்மா, நான், மகள், பக்கத்து வீட்டு மச்சி, அவளுடைய இரண்டு பெண் பிள்ளைகள். பெத்தாவுக்கு விளையாட்டு விளங்காது, ஆனால் சமரி மட்டையைத் தூக்கும்போதெல்லாம் "அடி புள்ள!" என்றார். அதன்பிறகு ஒரு மாதத்துக்கு எங்கள் ஒழுங்கையில் பெண் பிள்ளைகள்தான் மட்டை பிடித்தார்கள். பையன்களுக்குப் பந்து பொறுக்கும் வேலை.

சின்னவன் பட்டியல் முழுக்க மிருகம். பட்டிருப்புப் பாலத்துக்குக் கீழே கண்ட முதலை (இவர் அது மரக்கட்டை என்கிறார், வழக்கு நிலுவையில்), வயல் வரம்பில் நின்ற மயில், பெத்தாவின் கட்டிலுக்குக் கீழே குட்டி போட்ட பூனை. அதில் நாலு குட்டியையும் பெயரோடு தனித்தனியாக எழுதியிருப்பதால் அவனுடைய பட்டியல்தான் வீட்டிலேயே நீளம்.

பெத்தாவின் பட்டியல் கொஞ்சம் வேறு மாதிரி. தன்னைப் பார்க்க வந்தவர்களை அவர் சொல்லுவார், மகள் எழுதுவாள். யார் வெற்றிலை கொண்டு வந்தது, யார் பிஸ்கட் கொண்டு வந்தது, யார் வெறுங்கையோடு வந்தாலும் நன்றாகக் கதைத்தது. களுதாவளை வெற்றிலை கொண்டு வந்தவர்களுக்கு மேலிடம். வாசலால் போய்க்கொண்டு எட்டிப் பார்க்காதவர்களின் பெயரையும் சொல்லுவார், அதை எழுத வேண்டாம் என்பார், ஆனால் சொல்லுவார். செத்தவர்களின் பெயரும் அதற்குள் வரும். "அவ முடிஞ்சிட்டாதானே, எழுது" என்று ஒரு பழைய சிநேகிதியைச் சொன்னபோது மகள் என்னைப் பார்த்தாள், நான் தலையாட்டினேன், எழுதினாள். மாம்பழம் களவெடுத்தது என்று பக்கத்தில் குறிப்பு. அது எந்த வருசக் களவோ, எழுபது வருசமாவது இருக்கும்.

26ஆம் திகதி கொப்பியைத் திறப்பதில்லை. கிழக்குக் கரையில் வருசக் கடைசிக் கிழமைக்கு நடுவில் அந்தச் சுனாமி நாள் கிடக்கிறது. இந்த முறை இருபது வருசம். 2004இல் நாட்டிலேயே அதிகம் பேரை இழந்தது அம்பாறை மாவட்டம், எங்களுக்கும் கல்லாற்றில் பெத்தாவின் தங்கை குடும்பத்தில் இழப்பு. நத்தாருக்கு முதல் நாள் கல்லாற்றுச் சிநேகிதி வீட்டிலிருந்து ரிச் கேக் வந்துவிடும், மெதடிஸ்த ஆட்கள், மட்டக்களப்பில் மெதடிஸ்த மிசன் 1814இலேயே கால் வைத்தது என்பதால் கேக் பழக்கமும் அவர்களிடம் பழசு. ஒவ்வொரு துண்டாகத் தாளில் சுற்றி, ரவையும் முந்திரிகையும் பூசணி இனிப்பும் போட்டு, ஒரு கிழமைக்கு முன்னமே செய்து ஊற வைத்தது. 25 பின்னேரம் நாங்கள் அங்கே போவோம், பாட்டு, சத்தம், பிள்ளைகள் ஓட்டம். அடுத்த நாள் காலை 9.25க்கு அதே சிநேகிதியோடு கடற்கரையில் மெழுகுதிரி கொளுத்தி நிற்போம். அவளுடைய வீட்டுப் படங்களில் இரண்டு பேர் அதே வயதிலேயே நிற்கிறார்கள். இருபது வருசமாக இப்படித்தான், ஒரு நாள் கேக், மறுநாள் மெழுகுதிரி, இரண்டையும் பிரித்து வைக்க ஒருவராலும் முடிந்ததில்லை, அவள் பிரிக்க விரும்பியதும் இல்லை. கேக் பட்டியலில் உண்டு. அம்மாவுக்கு அதில் இஞ்சிப்பாகு கூடிவிட்டது என்று ஒரு சின்னக் குறை.

கட்டார்த் தம்பியின் பட்டியல் வாட்ஸ்அப்பில் குரலாக வரும், ராவு வேலை முடித்து நடந்துகொண்டே பேசுவான், மூச்சு வாங்கும். இந்த வருசம் அவன் சொன்னதில் பாதி சமையல். அறையில் ஆறு பேர், சம்மாந்துறை ஒருவர், ஏறாவூர் ஒருவர், குருநாகல் சிங்களப் பையன் ஒருவன், இரண்டு நேபாளக்காரர், இவன். டிசம்பர் 18 அங்கே தேசிய தினம், லீவு. அன்று ஏறாவூர்க்காரர் வட்டிலப்பம் அவித்தாராம், நேபாளக்காரர்கள் ஏதோ கொழுக்கட்டை மாதிரி ஒன்று பிடித்தார்களாம், இவன் சொதி வைத்தானாம். "சொதி நல்லா வந்தது அக்கா" என்று இரண்டு தரம் சொன்னான். இங்கே இருக்கும்போது தேங்காய் திருவச் சொன்னாலே ஓடுகிறவன். அம்மா அந்தக் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார், பிறகு தேங்காய்ப்பால் பெட்டியில் வாங்கினதா திருவினதா என்று கேட்டு எழுதச் சொன்னார். பதில் வந்தது, பெட்டிப் பால். அம்மாவின் முகம் கொஞ்சம் இறங்கியது, இருந்தாலும் எழுதிக்கொள்ள விட்டார்.

அப்பா எப்போதும் ஒன்றும் சொல்ல மாட்டார். கொப்பி அவரிடம் வந்தால், "எனக்குப் பங்குனியில கேளுங்க" என்று அடுத்த ஆளிடம் தள்ளிவிடுவார். நேற்று இரவு மட்டும் அவராகவே கேட்டார், என்னுடையதையும் ஒன்று போட ஏலுமா என்று. வெள்ளத்தில் பழுதாகிப்போன பள்ளக் காணியில் கடன் வாங்கிய விதைநெல்லைத் திரும்ப விதைத்தார். பாலத்தடியில் நின்றவர்கள், விதைக்க வேண்டாம் என்று சொன்னார்கள், பிந்திய விதைப்பு, கடைசியில் தண்ணீர் காணாது போகும், யானை வருகிற நேரத்தில் கதிர் வரும் என்று. கேட்கவில்லை. முளைத்துவிட்டதாம்.

"முளைச்சது முடிஞ்ச விசயம்தானே" என்றார் அப்பா.

மகள் யோசித்தாள். இவர் "முளைத்தது முடிந்தது, விளைந்தது முடியவில்லை, ஆகவே முளைத்ததை எழுதலாம்" என்று பாடசாலையில் இலக்கணம் படிப்பிக்கிற குரலில் தீர்ப்புச் சொன்னார். அம்மா வேண்டாம் என்றார், வயலைப் பற்றி எழுதவே வேண்டாம், எல்லாம் வீட்டுக்குள் வரட்டும். நான் அப்பாவின் பக்கம் நின்றேன். இத்தனை வருசத்தில் அவர் டிசம்பரில் வாய் திறந்து ஒன்றைச் சொன்னது இதுதான் முதல் தரம், அதை எழுதாவிட்டால் பிறகு கொப்பி எதற்கு? எல்லோரும் பெத்தாவைப் பார்த்தோம், சட்டம் அவருடையது. பெத்தா வெற்றிலையை ஒரு கொடுப்பிலிருந்து மற்றக் கொடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "பென்சிலால எழுது" என்றார்.

என் பட்டியலும் கிடக்கிறது, சின்னதுதான். பிள்ளையார் விரதத்துக்குப் பெருங்கதை படிக்கிற இந்த நாட்களில் பின்னேரம் கோயிலில் தருகிற சூடான மோதகம், அதை வீட்டுக்குக் கொண்டு வராமல் வழியிலேயே நானும் மகளும் சாப்பிட்டு முடிப்பது. அலுவலகத்தில் என் மேசைக்கு எதிர் மேசையில் இருக்கிற மருதமுனைக்காரி நோன்புப் பெருநாளுக்குத் தந்த கைத்தறிச் சாரி. ஏப்ரலில் புதுவருசத்துக்கு வந்த தம்பி திரும்பிப் போகும்போது மட்டக்களப்பு ஸ்டேசனில் இரவு ரயில் பிந்தியதால் கூடக் கிடைத்த நேரம், கச்சான் கொறித்துக்கொண்டே பழைய கதை. ரயில் பிந்தியதற்கு நான் நன்றி சொன்னது அந்த ஒரு முறைதான்.

இன்றைக்கு 30. நாளை இரவு ஊரில் வெடிச் சத்தம் கிளம்பும், தேவாலய மணி அடிக்கும், பூனைக் குட்டிகள் பயப்படும் என்று சின்னவன் இப்போதே ஒரு பெட்டிக்குள் பழைய துணி போடுகிறான். முதலாம் திகதி எங்களுக்கு லீவு இல்லை. அரச ஊழியர்கள் காலையில் அலுவலகத்துக்குப் போய்க் கொடியேற்றி, வரிசையில் நின்று சத்தியப்பிரமாணம் எடுத்து, பாற்சோறும் கேக்கும் சாப்பிட்டுத்தான் வருசத்தைத் தொடங்க வேண்டும். பாற்சோற்றுக்குக் கட்டச்சம்பல் கொண்டு வருவது இந்த முறை என் பொறுப்பு. மருதமுனைச் சாரியைத்தான் கட்டப்போகிறேன், கரண்ட் நிற்கும் முன்னம் அதை அயன் பண்ணியாக வேண்டும்.